ஸ்னூக்கி வரமாட்டேன் என்ற வீடு

லவோனா ஜாஃப்தாவுக்குப் பொய் சொல்ல வராது. கசாப்புக் கடைக்காரர் கைதவறி இரண்டு எலும்பு அதிகம் போட்டுவிட்டால், வீட்டு வாசல் வரை வந்தவள் திரும்பி நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். கேப் டவுனுக்கு அருகே பார்ல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அங்கிருக்கும் கிழவிகள் பெற்ற மகளிடம் கொடுக்காத மோதிரத்தை அவளிடம் கொடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்டவள் சொன்னது இது. நடந்தது நடந்தபடி. சந்தேகமாக இருந்தால் அவள் கணவன் எல்ராயைக் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்று சொல்லமாட்டான், இல்லை என்றும் சொல்லமாட்டான். எழுந்து வெளியே போய்விடுவான்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஸ்னூக்கி இருந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் எல்ராய் கண்டெடுத்த பழுப்பு நிற நாய். ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். குட்டியிலிருந்தே வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை கொடுத்தாக வேண்டும். "ஒருநாள் விட்டுப்போனாலும் ஆபத்து, பயமுறுத்தி இழுத்துப் பிடித்தாலும் ஆபத்து" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இப்படி ஒரு நாயை எந்தக் காப்பகமும் வைத்துக்கொள்ளாது. அதனால் இவர்கள் எங்கே போனாலும் அதுவும் போகும். நாயோடு தங்க விடுகிற வாடகை வீடுகள் எங்கெங்கே உண்டு என்பது லவோனாவுக்கு மனப்பாடம். கம்பளத்தில் நாய் கால் வைக்கக்கூடாத வீடு, நாய்க்குத் தனிக் கட்டில் போட்டுவிட்டு எல்ராய்க்குக் கால் நீட்ட இடம் வைக்காத வீடு என்று எல்லாம் பார்த்தாயிற்று.

அந்த வருடம் குருத்தோலை ஞாயிறன்று எல்ராயின் தங்கை மகளுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல், விசுவாசத்தை உறுதி சொல்லும் சடங்கு. கரூ வறட்டுநிலத்தில், மலையடியில் ஒரு மிஷன் கிராமம். தங்கை வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். போதாததற்கு மூன்று பூனைகள். ஆகவே கிராமத்துக்கு அப்பால், ஆற்றின் அக்கரையில், ஒரு ஆட்டுப்பண்ணையில் இருந்த வாடகை வீட்டை லவோனா பேசி முடித்தாள். ஆறு என்று பெயர்தான். வருடத்தில் பாதிநாள் மணல். அதன் குறுக்கே தரையோடு தரையாகப் போட்ட சிமென்ட் பாதைதான் பாலம்.

பண்ணைக்காரி நெல்லாவை ஊரே டன்னி, அதாவது அத்தை, என்று கூப்பிடும். டன்னி நெல்லா தொலைபேசியில் நல்லவிதமாகத்தான் பேசினாள்.

"சோபாவுல ஏறினாலும் ஏறட்டும்மா, நாய்னா அப்படித்தான். சாவி கேட் பக்கத்துப் பெட்டியில இருக்கும். ஒரே ஒரு விஷயம். நாயைத் தனியா விட்டுட்டு மட்டும் வெளிய போயிடாதீங்க."

"எங்க புள்ள குரைக்காது டன்னி. ரொம்பச் சாது."

"குரைக்கிறதப் பத்தி நான் சொல்லல" என்றாள் டன்னி நெல்லா. அத்தோடு வைத்துவிட்டாள்.

எல்லா வாடகை வீட்டிலும் இருக்கிற விதிதானே என்று லவோனா நினைத்தாள். அந்த விதியை யாரும் மதிப்பதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளையடித்த சின்ன வீடு. வாசற்கதவு மேலே பாதி, கீழே பாதி என்று தனித்தனியாகத் திறக்கும். மேல்பாதியைக் காற்றுக்குத் திறந்து வைத்து, கீழ்ப்பாதியை நாய்க்காக மூடி வைக்கலாம். உள்ளே மரத்தரை, கணப்பு, கணப்பின் முன்னால் கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி.

எல்ராய் அதில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். கால்சட்டையின் பின்புறம் முழுக்க ஈரம்.

"என்ன கிழவா, ஊர் வந்து சேர்றவரைக்கும் அடக்க முடியலையா?" என்றாள் லவோனா.

"சிரி, சிரி. இந்த நாற்காலி நனைஞ்சு கிடக்கு."

"முன்னாடி வந்தவங்க நாயோட வேலையா இருக்கும்."

அவன் கையை முகர்ந்து பார்த்தான். நாய் மூத்திர வாடை இல்லை. ஆற்றுமணல் வாடை. அந்த ஊரில் ஏழு மாதமாக மழை இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் வெளியே கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்னூக்கி உள்ளே இருந்தது. அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

தட்... தட்... தட்...

மரத்தரையில் வால் அடிக்கிற சத்தம். வேலை முடிந்து லவோனா வீட்டுக்கு வரும்போது ஸ்னூக்கி படுத்தபடியே அடிக்கும் அதே தாளம்.

"யாரைப் பாத்து வாலாட்டுது?" என்றாள் லவோனா.

"கண்ணாடியில தன்னையே பாத்திருக்கும். உன் வளர்ப்பு ஆச்சே, அழகு பாக்காம இருக்குமா?"

போய்ப் பார்த்தார்கள். ஸ்னூக்கி கணப்பின் முன்னால் படுத்திருந்தது, நாற்காலியைப் பார்த்தபடி. அந்த இரவு வேறெதுவும் நடக்கவில்லை.

ஞாயிறு காலை. தேவாலயத்துக்குள் நாய் வர முடியாது. ஆராதனை, அப்புறம் தங்கை வீட்டு விருந்து. வெயிலில் காரில் அடைத்து வைக்கவும் முடியாது. நாயோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். புது இடத்தில் நாயை விட்டுப் போவதானால், துவைத்த துணியைப் போடக்கூடாது. உடுத்திக் கழற்றிய துணியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த வாசனை இருக்கிறவரை எஜமானி பக்கத்திலேயே இருக்கிறாள் என்று நாய் நம்பிக் கிடக்கும்.

லவோனா முந்தின நாள் முழுக்கப் போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டையை, முன்பக்கம் பொத்தான் வைத்தது, ஸ்னூக்கியின் போர்வைமேல் விரித்தாள். காலை மாத்திரையைக் கொடுத்தாள். மாத்திரை டப்பாவில் இன்னும் ஒன்றுதான் இருந்தது, மாலைக்கு. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இரவுக்குள் வீடு திரும்பிவிடுவோம் என்ற கணக்கில் கூடுதலாக எடுத்து வரவில்லை.

"சமத்தா இரு. மூணு மணிக்கு வந்துடுவேன்" என்றாள். கதவின் இரண்டு பாதியையும் மூடிப் பூட்டினாள்.

திடப்படுத்தல் நன்றாக நடந்தது. தங்கை மகள் வெள்ளை உடையில் நின்று வாக்குக் கொடுத்தபோது லவோனா அழுதாள். விருந்தில் ஒரு பெரியவர் மட்டும் வடக்கே கையைக் காட்டி, "மலைக்குமேல கறுப்பா நிக்குது பாருங்க. ஆத்துல வெள்ளம் இறங்கப் போகுது" என்றார். இங்கே வெயில் கொளுத்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பினார்கள். கதவின் மேல்பாதி திறந்திருந்தது.

"நீ பூட்டலையா?" என்றான் எல்ராய்.

சாவி லவோனாவின் கைப்பையில் இருந்தது.

தட்... தட்... தட்...

உள்ளே வால் அடித்துக்கொண்டிருந்தது. கார் சத்தம் கேட்டால் ஓடிவருகிற நாய் வரவில்லை. லவோனா கீழ்ப்பாதியைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

அவளுடைய நீலச் சட்டை நாற்காலியில் இருந்தது.

போட்டது போல அல்ல, உடுத்தியது போல. தோள்கள் நாற்காலியின் முதுகில் சாய்ந்திருந்தன. இரண்டு கைகளும் கைப்பிடிகள்மேல் நீண்டிருந்தன. பொத்தான்கள் கீழிருந்து மேலாகப் பூட்டியிருந்தன. கழுத்துப் பொத்தான் மட்டும் திறந்திருந்தது.

ஸ்னூக்கி அதன் முன்னால் உட்கார்ந்து, மடி இருக்க வேண்டிய இடத்தில் தாடையை வைத்திருந்தது.

அதன் தலைமுடி அமுங்கியது. நெற்றியிலிருந்து பிடரிவரை. நிமிர்ந்தது. மறுபடி அமுங்கியது... மெதுவாக... யாரோ தடவிக் கொடுப்பதுபோல.

"ஸ்னூக்கி" என்றாள் லவோனா.

நாய் திரும்பியது. வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது. உதட்டைத் தூக்கி உறுமியது. ஒன்பது வருடத்தில் அது அவளைப் பார்த்து உறுமியதே இல்லை.

எல்ராயின் கைபேசி அடித்தது. டன்னி நெல்லா.

"எங்க இருக்கீங்க? மேல கொட்டித் தீத்திருக்கு. ஆத்துல வெள்ளம் இறங்கி வருது. நாலு மணிக்குள்ள தாண்டிடுங்க. தவறினா நாலஞ்சு நாளைக்கு வழி கிடையாது, மேல வானத்துலதான் பறக்கணும்... ஹலோ? என்ன பேச்சையே காணோம்? நாயைத் தனியா விட்டீங்களா?"

எல்ராயின் கண் நாற்காலியை விட்டு நகரவில்லை.

"ஆண்டவரே" என்றாள் டன்னி நெல்லா. இணைப்பு அறுந்தது.

லவோனாவின் மனத்தில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. மாத்திரை ஒன்று. நாள் ஐந்து. இங்கே மாட்டிக்கொண்டால் ஸ்னூக்கி பிழைக்காது.

"தூக்கிட்டுக் கிளம்பு" என்றாள்.

எல்ராய் குனிந்து நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தான். இழுத்தான். ஸ்னூக்கி நான்கு கால்களையும் தரையில் ஊன்றியது. நகம் கீறுகிற சத்தம். அதன் தாடை துடித்தது. வாயோரம் நுரை. வலிப்பு வரும் முன்னால் வருகிற அந்தத் துடிப்பு...

"விடு! விட்டுடு எல்ராய், செத்துப்போயிடும்!"

அவன் விட்டான். துடிப்பு நின்றது. நாய் திரும்பிப் போய் அதே மடியில் தாடையை வைத்தது.

பின்னால் ஒரு சத்தம்.

க்ளக்.

கதவின் கீழ்ப்பாதி மூடிக்கொண்டது.

எல்ராய் தள்ளினான். தோள் கொடுத்து மோதினான். அசையவில்லை. மேல்பாதி அகலத் திறந்தேதான் கிடந்தது. மனிதர் ஏறிக் குதித்துப் போகலாம். வெளியே வெயில், கார், பாதை, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. வரமாட்டேன் என்கிற நாயைத்தான் அதன்வழியே கொண்டுபோக முடியாது.

அந்த வீடு அவர்களைப் பிடித்து வைக்கவில்லை. நாயைப் பிடித்து வைத்தது. அது போதுமே.

தூரத்தில் ஒரு சத்தம் எழுந்தது. ஹோ... என்று. லாரிகள் வரிசையாக வருவதுபோல. அங்கே லாரிகள் ஓடும் சாலை கிடையாது.

"நீ ஏறிக் குதிச்சு அக்கரைக்குப் போயிடு" என்றான் எல்ராய். "நான் இதோட இருக்கேன்."

"மாத்திரை இல்லாம இருந்து என்ன பண்ணுவ? சாகறதைப் பாத்துட்டு இருப்பியா?"

"அப்ப ரெண்டு பேரும் உக்காந்து பாப்போமா?"

அவள் நாயின் பக்கத்தில் குனிந்தாள். விருந்தில் கட்டிக்கொடுத்த இறைச்சியை நீட்டினாள். நாய் முகரவில்லை. தினமும் பாடுகிற தாலாட்டைப் பாடினாள். காது அசையவில்லை.

சட்டைதான் காரணம். சட்டையை எடுத்துவிட்டால் வந்துவிடும்.

லவோனா நாற்காலியின் பக்கத்தில் போனாள். கையை நீட்டினாள். சட்டைக் கையின் நுனியைப் பிடித்தாள்.

நனைந்திருந்தது.

ஐஸ் மாதிரி குளிர்ந்தது.

இழுத்தாள். வரவில்லை. கனத்தது... உள்ளே ஆள் இருப்பதுபோலக் கனத்தது. நுனியிலிருந்து நீர் சொட்டியது. சொட்... சொட்... தரையில் ஈர மணல்.

இன்னும் இழுத்தாள். சட்டை அவளிடமிருந்து பின்வாங்கியது. துணி இறுகியது. உள்பக்கமிருந்து யாரோ கொத்தாகப் பிடித்துக்கொள்வதுபோல.

அந்தப் பிடி லவோனாவுக்குத் தெரியும்.

குளிர்காலக் காலைகளில் படுக்கையை மாற்றப் போகும்போது கிழவிகள் போர்வையைப் பிடிக்கிற பிடி அது. அதில் கோபம் இருக்காது. பறித்துவிடுவார்களோ என்ற பயம்தான் இருக்கும்.

அவள் கையை எடுத்தாள். வாய்க்குள் ஜெபம் ஓடியது. பின்பு அவள் செய்ததைத்தான் எல்ராயால் இன்றுவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவள் குனிந்து, ஆளில்லாத அந்தக் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

விரல்களில் யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு குளிர்.

"லவோனா... என்ன பண்ற?"

"அவங்களுக்குக் குளிருது."

"யாருக்கு?"

அவள் ஸ்னூக்கியின் போர்வையை எடுத்து வந்து, நாற்காலியில் மடி இருக்க வேண்டிய இடத்தில் போர்த்தினாள். போர்வை தட்டையாக விழவில்லை. இரண்டு முழங்கால் உயரத்துக்கு நின்றது.

பிறகு கணப்பின் முன்னால் மண்டியிட்டு விறகை அடுக்கினாள்.

"உனக்குப் பைத்தியமா? ஆறு வருது! நீ உக்காந்து அடுப்பு மூட்டுற!" எல்ராய் கத்தினான்.

"கத்தாத. தீப்பெட்டியைக் கொடு."

"லவோனா, அஞ்சு நிமிஷம் போச்சுன்னா..."

"தீப்பெட்டி, எல்ராய்."

கொடுத்தான். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும். எங்கிருந்தோ ஈரக்காற்று. மூன்றாவதைக் கைக்குள் பொத்தி வைத்தாள். சுள்ளி பிடித்தது. புகைந்தது. எரிந்தது.

அவள் காத்திருந்தாள். வெளியே அந்த ஹோ... பக்கத்தில் வந்துவிட்டது. எல்ராய் கதவில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

சொட்... சொட்...

சொட்...

நின்றது.

"சட்டையை நீங்களே வெச்சுக்கங்கம்மா" என்றாள் லவோனா. "மறந்து விட்டுட்டுப் போறேன்னு இல்ல. குடுத்துட்டுப் போறேன். போர்வையும் உங்களுக்குத்தான். எங்க புள்ளைய மட்டும் அனுப்புங்க. அதுக்கு மாத்திரை நேரமாச்சு."

ஒன்றும் நடக்கவில்லை.

ஸ்னூக்கியின் தலைமுடி ஒருமுறை அமுங்கியது. நீளமாக. வால் தொடங்குமிடம் வரை.

பிறகு நிமிர்ந்தது. மறுபடி அமுங்கவில்லை.

க்ளக்.

கீழ்ப்பாதிக் கதவு தானாகத் திறந்தது.

ஸ்னூக்கி எழுந்தது. தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல உடம்பை உதறியது. தும்மியது. லவோனாவிடம் வந்து பாதத்தை முகர்ந்தது. நக்கியது.

யாரும் துணிப்பெட்டியை எடுக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆற்றுப்பாதையை அடைந்தபோது சிவந்த தண்ணீர் அதன்மேல் ஏறியிருந்தது. எல்ராய் நிற்காமல் இறக்கினான். சக்கரம் மூழ்கியது. நடுவில் கார் ஒரு பக்கமாக நகர்ந்தது. ஏதோ ஒரு மரம் பின்னால் உரசிக்கொண்டு போனது. அப்புறம் சக்கரம் கல்லைப் பிடித்தது. இக்கரை. அவர்கள் திரும்பிப் பார்த்தபோது பாதை இருந்த இடமே தெரியவில்லை.

டன்னி நெல்லாவின் வீடு இக்கரையில், குன்றைச் சுற்றிப் போனால் ஆற்றோரத்திலேயே இருந்தது. சாவியைக் கொடுக்க எல்ராய் அங்கே நிறுத்தினான். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். மெலிந்த, வெயிலில் காய்ந்த கிழவி. அவள் அவர்களைப் பார்க்கவில்லை. காரின் பின்னிருக்கையைப் பார்த்தாள். ஸ்னூக்கியைக் கண்டதும் முகம் இருண்டது.

"இழுத்துட்டா வந்தீங்க?"

"இல்ல டன்னி. அதுவா வந்துச்சு" என்றாள் லவோனா. "சட்டையைக் குடுத்துட்டு வந்தேன்."

டன்னி நெல்லா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். "குடுத்துட்டா..." என்றாள். "அப்படி ஒருத்தரும் செஞ்சதில்லையேம்மா. எல்லாரும் பிடுங்கிட்டுத்தான் வந்தாங்க. துணியையும் நாயையும் சேத்து."

"யார் அது?" என்றான் எல்ராய்.

"தெரியாதுப்பா. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்பவே அந்த நாற்காலி ஈரமாத்தான் இருந்துச்சு. எடுத்து எரிச்சும் பாத்தோம். புதுசா வேற போட்டோம். அதுவும் ஈரம்."

"தெரிஞ்சும் எதுக்கு வாடகைக்கு விடறீங்க?"

அவள் கோபப்படவில்லை. "வா, காட்டறேன்" என்று வீட்டின் பின்புறம் கூட்டிப்போனாள். "அந்த வாடகையிலதான் இதுங்களுக்குச் சோறு போடறேன்."

வேலியோரம் நாய்கள் வரிசையாகக் கட்டியிருந்தன. வேட்டைநாய், சடைநாய், கையளவு நாய். பண்ணை நாய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பட்டணத்து நாய்கள். கழுத்தில் நல்ல தோல் பட்டைகள், பெயர் பொறித்த வில்லைகள். ஒன்றும் குரைக்கவில்லை. எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றன, ஆற்றுக்கு அப்பால்.

"அங்க ஆள் தங்கியிருக்கும்போது கட்டி வெப்பேன். மத்த நாள்ல அவுத்து விட்டுடுவேன். அக்கரைக்குப் போய் அந்தக் கதவோரம் படுத்துக்கும்."

"வந்தவங்க எல்லாம் விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றாள் லவோனா.

"விட்டுட்டுப் போகலம்மா. கட்டி இழுத்துட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேத்துட்டாங்க. இதுங்கதான் திரும்பி வந்துச்சுங்க. நடந்தே. ஜார்ஜ் பட்டணத்துலேருந்து, ஸ்டெல்லன்பாஷ்லேருந்து. கூட்டிட்டுப் போக ஆள் வருவாங்க. ஒரு மாசத்துல மறுபடி இங்க நிக்கும். இப்ப யாரும் வர்றதில்ல."

வேலிக்கு வெளியே, வெள்ளத்தின் விளிம்பில், ஒரு குட்டைக்கால் நாய் கட்டாமல் நின்றது. பாதங்கள் பிளந்து ரத்தம் உறைந்திருந்தது. வாயில் எதையோ கவ்வியிருந்தது. லவோனா பக்கத்தில் போனாள். ஒரு குழந்தையின் சிவப்புக் கம்பளிச் சட்டை. இடதுகையில் பள்ளிக்கூடப் பெயர்ச்சீட்டுகூட இருந்தது.

"இது இப்பத்தான், தண்ணி ஏறின பிறகுதான் வந்து சேர்ந்துச்சு" என்றாள் டன்னி நெல்லா. "கேப் டவுன்லேருந்து. எல்லாமே இப்படித்தான் வரும், வாயில ஒரு உடுப்போட. வீட்டுல இருக்கறவங்க அசந்த நேரம் பாத்து எடுத்துட்டு வந்துடும்."

லவோனா தரையில் உட்கார்ந்தாள். கழுத்துத் துணியை இரண்டாகக் கிழித்து அதன் முன்னங்கால்களைச் சுற்றிக் கட்டினாள். நாய் தடுக்கவில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. சட்டையை விடவுமில்லை. அக்கரையில் புகைபோக்கியிலிருந்து அவள் மூட்டிய தீயின் புகை இன்னும் நேராக எழுந்துகொண்டிருந்தது. நாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தண்ணி குடிச்சுதா?" என்றாள் லவோனா.

"வாயைத் திறந்தாத்தானே குடிக்கும்? சட்டை விழுந்துடுமேன்னு நிக்குது" என்றாள் டன்னி நெல்லா. "ஆறு வடியட்டும். கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துதான் குடிக்கும்."